உள்ளூர் கார்டு போட்டிகள்: நடத்துபவர்களும் ஆடுபவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டிரேடிங் கார்டு கேம், அதாவது ஆளாளுக்குச் சேர்த்த கார்டுகளில் ஒரு டெக் (கட்டு) கட்டி மோதும் ஆட்டம், அதன் போட்டியை வாராவாரமோ மாதம் ஒரு தடவையோ நடத்துகிறவர்களுக்காக எழுதியது இது. ஓரமாக உட்கார்ந்து "இதை இன்னும் ஒழுங்கா நடத்தலாமே" என்று முணுமுணுக்கிறவர்களும் படிக்கலாம், அடுத்து நடத்தப் போவது அவர்கள்தான். உதாரணங்கள் மேஜிக்: தி கேதரிங், போகிமான், யு-கி-ஓ மூன்றிலிருந்தும் வரும். மேஜிக்கிலிருந்து கொஞ்சம் கூடுதலாகவே வரும், 1993 முதல் இருக்கிற ஆட்டம் என்பதால் போட்டி விதிகளை விலாவாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த விதிகளை அவ்வப்போது திருத்துவார்கள், அதனால் போட்டி வைப்பதற்கு முன் நடப்பில் இருப்பதை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் குறைந்துகொண்டே போகிறது. முதல் பரிசைப் பெரிதாக்கினால் ஆள் வருமா?

ஒரு தடவை வரும். அப்புறம் யார் ஜெயித்தாரோ அவர் மட்டும் உற்சாகமாக வருவார்.

16 பேர், 4 சுற்று, டிரா எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். நாலும் ஜெயித்தவர் ஒருவர். மூன்று ஜெயித்து ஒன்று தோற்றவர்கள் 4 பேர். இரண்டுக்கு இரண்டு 6 பேர். ஒன்றே ஒன்று ஜெயித்தவர்கள் 4 பேர், எல்லாவற்றிலும் தோற்றவர் ஒருவர். ஆக 16-இல் 11 பேர் பாதியோ அதற்கும் கீழோ ஜெயித்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்கள். வந்தவர்கள் எல்லாரும் கில்லாடிகளாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. முதல் பரிசு பற்றிப் பேசும்போது நாம் ஒருவரைப் பற்றிப் பேசுகிறோம், போட்டி அடுத்த வாரமும் நடக்குமா என்பதை முடிவு செய்வது அந்த 11 பேர். இரண்டு சுற்று தோற்றவருக்கு மூன்றாவது சுற்றை உட்கார்ந்து ஆட என்ன காரணம் வைத்திருக்கிறீர்கள்? கீழே சொல்லப்போகிற பாதி விஷயங்கள் இந்தக் கேள்வியிலிருந்துதான் வருகின்றன.

எத்தனை சுற்று வைப்பது?

ஸ்விஸ் முறைதான் எல்லாரும் வைப்பது, உங்களுக்கும் அதுவே போதும். தோற்றவர் வெளியேற வேண்டியதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்கள் மோதுவார்கள். 1895-இல் ஜூரிச்சில் நடந்த செஸ் போட்டி ஒன்றில் முதலில் பயன்படுத்தியதால் அந்தப் பெயர்.

ஒவ்வொரு சுற்றும் தோற்காதவர்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கும். அதனால் 8 பேர் வரை 3 சுற்று, 9 முதல் 16 வரை 4, 17 முதல் 32 வரை 5, 33 முதல் 64 வரை 6. இதற்குக் குறைவாக வைத்தால் தோற்காதவர்கள் இரண்டு பேர் மிஞ்சி, யார் முதலிடம் என்பதை டைபிரேக் (புள்ளி சமமானவர்களை வரிசைப்படுத்தும் கணக்கு) தீர்மானிக்கும், அது யாருக்கும் பிடிக்காது. அதிகமாக வைத்தால் ஏற்கெனவே ஜெயித்து முடித்தவர் கீழே இருப்பவருடன் சும்மா ஒரு சுற்று ஆட வேண்டியிருக்கும்.

எது எப்படியோ, சுற்றுகளின் எண்ணிக்கையை முதல் பேரிங் (யார் யாரோடு மோதுவது என்ற பட்டியல்) போடுவதற்கு முன்பே சத்தமாகச் சொல்லிவிடுங்கள். "நேரம் இருக்கே, இன்னொரு ரவுண்டு போடுவோமா" என்று நடுவில் கேட்பதைப் போல ஒரு போட்டியின் மானத்தை வாங்குகிற காரியம் வேறு கிடையாது. கடைசிச் சுற்று என்று நினைத்து டிராவுக்கு ஒப்புக்கொண்டவர் என்ன செய்வார்?

ஸ்விஸ் முடிந்ததும் டாப் 8 நாக்-அவுட் வைக்கலாமா?

ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தது. 32 பேர், 5 சுற்று என்றால் 5-0 ஒருவர், 4-1 ஐந்து பேர், 3-2 பத்து பேர். டாப் 8 வைத்தால் முதல் ஆறு பேர் பிரச்சினை இல்லாமல் உள்ளே போவார்கள். மிச்சம் இரண்டு இடத்துக்கு 3-2-இல் இருக்கும் பத்து பேர் காத்திருப்பார்கள், எட்டுப் பேர் டைபிரேக்கில் வெளியே போவார்கள். டாப் 4 என்றால் நாலு சுற்று ஜெயித்த ஐந்து பேரில் இரண்டு பேர் வெளியே. இரண்டில் எது வலிக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள், என்னைக் கேட்டால் 4-1 ஆடியவரை வெளியே அனுப்புவதுதான் கொடுமை.

16 பேருக்குக் கீழே இருந்தால் நாக்-அவுட்டே வேண்டாம் என்பேன். 4-0 அடித்தவரை மறுபடி உட்கார வைத்து அரையிறுதியில் தோற்கடிப்பதில் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை, மற்றவர்கள் எல்லாம் அதற்குள் கிளம்பிப் போய்விட்டிருப்பார்கள். வாராந்திரப் போட்டிக்கு ஸ்விஸ் மட்டும் போதும், மாதக் கடைசியிலோ சீசன் முடிவிலோ நாக்-அவுட் வைத்துக்கொள்ளுங்கள்.

டைபிரேக் எப்படிப் போடுகிறார்கள்? ஒவ்வொரு தடவையும் இதில்தான் சண்டை வருகிறது.

மேட்ச் ஜெயித்தால் 3 புள்ளி, டிரா 1, தோற்றால் 0. புள்ளி சமமானால் முதலில் பார்ப்பது உங்களோடு மோதியவர்கள் எவ்வளவு ஜெயித்தார்கள் என்பதை. மேஜிக்கில் இதற்கு ஒரு அடிமட்டம் உண்டு: எதிராளி எவ்வளவு மோசமாக ஆடியிருந்தாலும் அவர் கணக்கு 33 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. போகிமானில் அது 25.

நாலு சுற்றில் உங்கள் எதிராளிகள் 4-0, 2-2, 2-2, 0-4 என்று முடித்ததாக வைத்துக்கொள்வோம். 100, 50, 50, கடைசி ஆளுக்கு 0-வுக்குப் பதில் 33. கூட்டி நாலால் வகுத்தால் 58-ஐ ஒட்டி வரும். அந்த அடிமட்டம் இல்லாவிட்டால் 50-தான் வந்திருக்கும், முதல் சுற்றில் ஒரு புதியவரோடு மாட்டிக்கொண்டதற்காக நீங்கள் தண்டனை அனுபவித்திருப்பீர்கள்.

இதையெல்லாம் விட ஆட்டக்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் வேறு. முதல் சுற்றில் தோற்றவரின் டைபிரேக் பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதற்கப்புறம் அவர் தோற்றவர்களோடு மோதிக்கொண்டே மேலே வருகிறார். கடைசிச் சுற்றில் தோற்றவர் அதே 3-1 எடுத்திருந்தாலும் மேலே நிற்பார், அவர் மோதியதெல்லாம் ஜெயித்துக்கொண்டிருந்தவர்களோடு. "நானும் மூணு, அவரும் மூணு, அவர் எப்படி மேலே?" என்ற கேள்விக்குப் பத்தில் எட்டுத் தடவை பதில் இதுதான். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் புள்ளிப் பட்டியலை எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைத்தால் கடைசியில் யாரும் அதிர்ச்சி அடைய மாட்டார்கள்.

ஒற்றைப்படையில் ஆள் வந்தால்?

ஒருவருக்கு பை கிடைக்கும், அதாவது ஆடாமலே 2-0 வெற்றி, 3 புள்ளி. முதல் சுற்றில் அது யாருக்கு வேண்டுமானாலும் போகும், அப்புறம் கீழே இருப்பவருக்குப் போகும், ஒரே ஆளுக்கு இரண்டு தடவை போகாது. புள்ளி வந்தாலும் ஆட வந்தவர் ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், அதுவும் ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருப்பவர். கையில் டெக் வைத்திருக்கிற நண்பர் ஒருவரை நிரப்பு ஆளாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை இரட்டையானால் அவர் ஒதுங்கிவிடுவார், பரிசும் எடுக்க மாட்டார் என்பதை ஆரம்பத்திலேயே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

எப்போதும் நேரம் இழுத்துக்கொண்டு போகிறது. எங்கே ஓட்டை?

ஆட்டத்துக்குள் இருக்காது, இரண்டு சுற்றுக்கு நடுவில் இருக்கும்.

மேஜிக்கில் வழக்கமான ஒரு சுற்று 50 நிமிடம், மணி அடித்ததும் நடக்கிற டர்ன் (ஒருவர் ஆடும் முறை) முடிந்து மேற்கொண்டு 5 டர்ன். நாலு சுற்றுக்கு 200 நிமிடம். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் கால் மணி நேரம் வீணானால் இன்னும் முக்கால் மணி நேரம் சேரும். அந்தக் கால் மணி நேரம் எப்படிப் போகிறது என்று ஒரு நாள் சும்மா நின்று பாருங்கள். கடைசி மேஜையில் ஆட்டம் முடிந்திருக்கும், இரண்டு பேரும் "நீ அதை மூணாவது டர்ன்லயே போட்டிருந்தா..." என்று கார்டுகளைத் திரும்ப விரித்து அலசிக்கொண்டிருப்பார்கள், ரிசல்ட் சொல்ல யாரும் வந்திருக்க மாட்டார்கள். இங்கே இத்தனை பேர் அடுத்த பேரிங்குக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் ஆட்டம் எதுவும் பாக்கி இல்லையே என்று குழம்பிக்கொண்டு மேஜை மேஜையாகப் போய்க் கேட்பீர்கள்.

செய்ய வேண்டியது பெரிதாக எதுவும் இல்லை. ரிசல்ட் சொன்ன பிறகுதான் அலசல் என்று ஒரு சட்டம் போடுங்கள். மேஜிக்குக் கம்பேனியன் ஆப் இருக்கிறது, ஆட்டக்காரர்களே போனில் ரிசல்ட் போட்டுவிடலாம், பேரிங்கும் அதிலேயே வரும். போகிமானுக்கு அவர்களுடைய டிஓஎம் மென்பொருள் உண்டு. எதுவும் இல்லாவிட்டால் சீட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு டப்பாவில் போடட்டும். எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு பெரிய கடிகாரம் ஓட வேண்டும், உங்கள் போனுக்குள் ஓடுகிற டைமர் கணக்கில் சேராது. கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போது இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் மேஜைகளை எண்ணுங்கள், மணி அடிக்கும்போது அந்த மேஜைகளின் பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும். கூடுதல் டர்ன் எத்தனை போனது என்று ஆட்டக்காரர்களே எண்ணினால் எண்ணிக்கை எப்போதும் இரண்டு விதமாகத்தான் வரும்.

ஆரம்பிக்கிற நேரமும் அப்படித்தான். "பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று போன் பண்ணுகிறவருக்காக நேரத்துக்கு வந்த எல்லாரையும் காக்க வைக்காதீர்கள். அவரை முதல் சுற்றுத் தோல்வியோடு இரண்டாவது சுற்றில் சேர்த்துக்கொள்ளலாம், அடுத்த தடவை அவர் சீக்கிரம் வருவார்.

ஒரே ஆட்டமாக வைத்தால் சீக்கிரம் முடியுமே?

முடியும். ஆனால் கார்டு கேமில் முதல் கையே கவிழ்த்துவிடும் நாள் உண்டு. ஒரு மேட்சை மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தவருக்கு என்று, அதாவது மூன்றில் இரண்டு என்று வைப்பதே அதற்காகத்தான். சைடு டெக்கிலிருந்து (ஆட்டங்களுக்கு நடுவில் மாற்றிக்கொள்ள வைத்திருக்கும் உதிரிக் கார்டுகள்) எதைச் சேர்ப்பது, அதற்காக எதை எடுப்பது என்பதும் பாதித் திறமை, ஒற்றை ஆட்டத்தில் அதற்கு வேலையே இல்லை. நேரம் இல்லாத நாளில் ஒற்றை ஆட்டமாக ஐந்து சுற்று வைப்பதைவிட மூன்றில் இரண்டாக மூன்று சுற்று வைப்பதுதான் எனக்குப் பிடிக்கும். புதியவர்கள் நிறைய வரும் நாளில் மட்டும் இதைத் தளர்த்துவேன்.

ஒருவர் ரொம்ப மெதுவாக ஆடுகிறார். எல்லாரும் புகார் சொல்கிறார்கள், நேரில் யாரும் சொல்வதில்லை.

இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் கலக்கக் கூடாது. யோசித்து யோசித்து மெதுவாக ஆடுவது ஒன்று. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேண்டுமென்று இழுப்பது இன்னொன்று, அது ஏமாற்று வேலை, அதற்கான தண்டனையும் அந்த வகையில்தான் வரும். உள்ளூரில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் முதல் வகை.

பக்கத்தில் போய் நின்று பாருங்கள். மூன்றாவது ஆட்டம், இன்னும் 12 நிமிடம் இருக்கிறது. அவர் கையில் இரண்டே கார்டு. எதிராளியின் கிரேவ்யார்டை (ஆடி முடித்த கார்டுகளின் குவியல்) எடுத்து ஒவ்வொன்றாகப் படிக்கிறார், வைக்கிறார், தன் கையைப் பார்க்கிறார், மறுபடி அதே கிரேவ்யார்டை எடுக்கிறார். பலகையில் எதுவுமே மாறவில்லை. இங்கேதான் குறுக்கிட வேண்டும். திட்ட வேண்டாம், "ஒரு முடிவு எடுங்க, ஆட்டம் நகரட்டும்" என்று சாதாரணக் குரலில் சொன்னால் போதும். பெரும்பாலும் அவருக்கே எவ்வளவு நேரம் ஆனது என்று தெரிந்திருக்காது. திரும்பவும் நடந்தால் வார்னிங். மேஜிக்கின் காம்பெடிடிவ் என்ற கறாரான விதி மட்டத்தில் மெதுவாக ஆடியதற்கு வார்னிங் கொடுத்தால், அந்த மேட்சின் கடைசியில் இன்னும் 2 டர்ன் கூட்டிக் கொடுப்பார்கள், அதனால் எதிராளிக்கு இழப்பு கொஞ்சம் ஈடாகிறது. ஆட்டங்களுக்கு நடுவில் கலைத்துத் தயாராவதற்கு அங்கே 3 நிமிடம்தான், அதையும் கவனியுங்கள், நேரம் அதிலும் நிறைய ஒழுகுகிறது.

எதிராளி கை தூக்கி ஜட்ஜைக் கூப்பிடுவது அவமானம் இல்லை என்பதை ஒவ்வொரு போட்டியின் ஆரம்பத்திலும் சொல்லுங்கள். மேட்ச் முடிந்து டிரா ஆன பிறகு வந்து புலம்புகிறவருக்கு யாராலும் எதுவும் செய்ய முடியாது.

எங்களிடம் ஜட்ஜ் கிடையாது. நடத்துகிற நானே ஆடவும் செய்கிறேன். சரியா?

சின்ன போட்டியில் வேறு வழி இல்லை, பல ஆட்டங்களின் கீழ்மட்ட விதிகளில் அதற்கு இடமும் உண்டு. ஆனால் உங்கள் மேஜையில் தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வது யார் என்று முதலிலேயே ஒருவரைப் பெயர் சொல்லி அறிவித்துவிடுங்கள். உங்கள் நெருங்கிய நண்பராக இல்லாமல் இருந்தால் நல்லது.

தீர்ப்புச் சொல்லப் போகும்போது விதியை முதலில் எடுக்காதீர்கள். "என்ன நடந்துச்சு?" என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே வரக் கூடாது. நான் பார்த்தவரை பாதிச் சண்டை விதியைப் பற்றியே இருக்காது, "நான் பாஸ்னு சொன்னேன்", "நீ சொல்லவே இல்ல" என்கிற ரகமாக இருக்கும். நடந்தது என்ன என்பதில் ஒத்துப்போன பிறகு விதி இரண்டு வரியில் முடிந்துவிடும். கார்டின் புதிய அதிகாரபூர்வ வாசகத்தைப் போனில் எடுத்து இருவருக்கும் காட்டுங்கள், பழைய கார்டில் அச்சாகியிருப்பது இன்றைய வாசகத்தோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். முடிவு சொன்ன பிறகு ஆன நேரத்தைக் கணக்கிட்டு அந்த மேஜைக்குக் கூடுதல் நிமிடம் கொடுங்கள், இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

விதியில் எவ்வளவு கறாராக இருக்க வேண்டும்? கறாராக இருந்தால் புதியவர் ஓடுகிறார், விட்டால் பழையவர் கோபப்படுகிறார்.

மேஜிக்கில் இதற்காகவே ரெகுலர், காம்பெடிடிவ், புரொபஷனல் என்று மூன்று மட்டம் வைத்திருக்கிறார்கள். வாராந்திர உள்ளூர்ப் போட்டி ரெகுலர். அங்கே வேலை தவறைச் சரிசெய்து, எப்படி ஆட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது, தண்டிப்பது இல்லை. பெரிய பரிசோ மேல்போட்டிக்குத் தகுதியோ வைக்கும் நாளில் ஒரு படி ஏறிக்கொள்ளுங்கள், முன்கூட்டியே எழுதிப் போட்டுவிட்டு.

உண்மையான தலைவலி டேக்-பேக்தான். "ஐயோ, இதை முதல்ல போட்டிருக்கணும், திருப்பிக்கட்டுமா?" என்று ஒருவர் கேட்க, எதிராளி நல்ல மனதோடு விட்டுவிடுவார். அடுத்த சுற்றில் அதே ஆள் தன் எதிராளிக்கு மறுத்துவிடுவார். ஒரு எளிய வரம்பு சொல்லி வைக்கலாம்: புதிதாக எந்தத் தகவலும் தெரியவில்லை என்றால், அதாவது கார்டு எடுக்கவில்லை, எதிராளி எதுவும் செய்யவில்லை என்றால் திருப்பலாம், அதற்கு மேல் கிடையாது. பழையவருக்கும் புதியவருக்கும் ஒரே வரம்பு. கறார் என்பதைவிட ஆளுக்கு ஒரு நியாயம் என்பதுதான் மனிதர்களை விரட்டும்.

கலைப்பதைப் பற்றி விதி தேவையா?

தேவை, இதில்தான் சந்தேகம் முளைக்கும். 52 சீட்டுக் கட்டை இரண்டாகப் பிரித்துச் சொருகிக் கலைக்கும் முறையில் ஏறக்குறைய ஏழு தடவை வேண்டும் என்று 1992-இல் பேயர், டயகோனிஸ் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் காட்டினார்கள். நம் டெக் பெரும்பாலும் 60, அதனால் இன்னும் ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். மேஜை மேல் ஏழு எட்டு குவியலாகப் போட்டு அடுக்குவதைச் சிலர் கலைத்தல் என்று நினைக்கிறார்கள். அது எண்ணுவது, அவ்வளவுதான். எந்த வரிசையில் போட்டீர்களோ அதிலிருந்து எங்கே போகும் என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். மேஜிக் விதிப்படி ஆட்டத்தின் தொடக்கத்தில் எண்ணுவதற்காக ஒரு தடவை மட்டும் அப்படிப் போடலாம்.

எதிராளியின் டெக்கை வாங்கி நீங்களும் கலைக்கலாம், குறைந்தது வெட்டலாம். சந்தேகப்படுகிறார் என்று யாரும் முகம் சுளிக்காமல் இருக்க எல்லாரும் எப்போதும் செய்வதே வழி. ஸ்லீவையும் (கார்டைப் போட்டு வைக்கும் உறை) பாருங்கள். டெக்கைப் பக்கவாட்டில் கண் மட்டத்தில் பிடித்தால் வளைந்த ஃபாயில் (பளபளக்கும்) கார்டு எல்லாம் மெல்லிய இடைவெளியாகத் தெரியும், சரியாக அந்த இடத்தில் வெட்டுகிற கை அது ஃபாயில் என்று தெரிந்தே வெட்டும். உரிமையாளருக்கே தெரியாமல் இருக்கலாம், அதனால் குற்றம் சாட்டாமல் மாற்றச் சொல்லுங்கள். உதிரி ஸ்லீவ் கொஞ்சம் கையில் இருக்கட்டும்.

டெக் லிஸ்ட் (டெக்கில் என்னென்ன கார்டு என்ற பட்டியல்) வாங்க வேண்டுமா?

வாராந்திரத்துக்கு வேண்டாம். பரிசு பெரிதானால் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் சுற்றுக்குச் சுற்று டெக் மாறும். போகிமானில் சரியாக 60, மேஜிக்கில் குறைந்தது 60 கூடவே 15 வரை சைடுபோர்டு, யு-கி-ஓவில் மெயின் 40 முதல் 60, எக்ஸ்ட்ரா, சைடு இரண்டும் 15 வரை. எண்ணிப் பார்ப்பதிலேயே பாதித் தவறு மாட்டும், அதில் பெரும்பாலானவை மறதிதான்.

டெக் கட்டச் செலவாகிறது என்று ஆட்கள் விலகுகிறார்கள். என்ன செய்யலாம்?

மாதத்தில் ஒரு போட்டியையாவது வேறு ஃபார்மட்டில் (எந்தக் கார்டுகளை வைத்து ஆடலாம் என்ற வரையறை) வையுங்கள். மேஜிக்கில் காமன் கார்டு மட்டும் வைத்து ஆடும் பாப்பர், 2019 முதல் அதிகாரபூர்வ ஃபார்மட். யு-கி-ஓவில் 2005 காலத்துக் கார்டுகளோடு ஆடும் கோட், 2010 காலத்து எடிசன். கோட், எடிசன் இரண்டிலும் கார்டுத் தொகுப்பு உறைந்து நிற்பதால் ஒரு தடவை கட்டிய டெக்கை வருடக்கணக்கில் ஆடலாம். போகிமானில் ஜிம் லீடர் சேலஞ்ச், ஒரே வகைப் போகிமான், அடிப்படை எனர்ஜி தவிர ஒவ்வொரு கார்டும் ஒன்றே ஒன்று. டிராஃப்ட், அதாவது அங்கேயே பாக்கெட் பிரித்துக் கார்டு தேர்ந்தெடுத்து ஆடுவது, வைத்தால் யாருக்கும் டெக்கே தேவையில்லை, எட்டுப் பேர் ஒரு மேஜை. இதையெல்லாம் "ஜாலி நாள்" என்று ஒதுக்காமல் அதே சுற்று, அதே கடிகாரம், அதே புள்ளிப் பட்டியலோடு நடத்துங்கள்.

பிராக்ஸி (அசல் கார்டுக்குப் பதிலாக வைக்கும் மாற்றுக் கார்டு) பற்றிக் கேட்பீர்கள். நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற போட்டியில் கூடாது, மேஜிக்கில் ஆட்டத்தின்போது கார்டு சேதமானால் ஜட்ஜ் எழுதிக் கொடுப்பது போன்ற சில விதிவிலக்கு மட்டும் உண்டு. அங்கீகாரம் இல்லாமல் நண்பர்களுக்குள் நடத்துவது வேறு. அங்கே எத்தனை கார்டு வரை என்று ஒரு எண் வைத்துவிட்டால் வாக்குவாதம் இல்லை. அச்சு அசலாக அடித்த போலிக் கார்டு மட்டும் எங்கேயும் வேண்டாம், பிற்பாடு அது யாராவது ஒரு சின்னப் பையனிடம் டிரேடாகிப் போகும்.

பரிசை எப்படிப் பிரிப்பது?

ஜெயித்த மேட்சுக்கு இவ்வளவு கார்டு பாக்கெட் என்று வைத்துவிடுங்கள். 0-2 என்று பின்தங்கியவருக்கும் மூன்றாவது சுற்றில் ஒரு பாக்கெட் காத்திருக்கும், ஆட உட்காருவார். முதலிடத்துக்கு மேலே கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள், புரோமோ கார்டு இருந்தால் அதைக் குலுக்கலில் வந்தவர் யாருக்காவது கொடுங்கள், கடைசி இடத்தில் இருப்பவர் அதை வாங்கும்போது முகத்தைப் பாருங்கள். இந்த முறையில் டாப்பில் ஆடுபவர்கள் கொஞ்சம் முணுமுணுப்பார்கள். முணுமுணுத்தாலும் வருவார்கள், அவர்கள் வருவது பாக்கெட்டுக்காக மட்டும் இல்லை.

கடைசிச் சுற்றில் இரண்டு பேர் பேசிவைத்து டிரா போடுகிறார்கள். அனுமதிக்கலாமா?

மேஜிக்கில் விதிப்படி அனுமதி உண்டு. 32 பேர் போட்டியில் நாலு சுற்று முடிந்து 4-0-இல் இருவர் இருப்பார்கள், இரண்டு பேரும் டிரா போட்டால் 13 புள்ளி, டாப் 8 உறுதி. அதில் தப்பில்லை, அதுவரை ஜெயித்ததன் பலன். கூடாதது எது என்றால், பரிசைக் காட்டி முடிவை வாங்குவது: "நீ விட்டுக்கொடு, பாக்கெட்டுல பாதி உனக்கு". காசு சுண்டி யார் ஜெயிப்பது என்று முடிவு செய்வதும் கூடாது. இரண்டையும் விதிகள் கடுமையாகப் பார்க்கின்றன, புதியவர்கள் தெரியாமலே மாட்டிக்கொள்வார்கள், ஆகவே கடைசிச் சுற்றுக்கு முன் ஒரு வரி அறிவிப்பு அவர்களைக் காப்பாற்றும். எனக்கு உள்ளூரில் டிராக்கள் பிடிக்காது. டாப் 8 இல்லாமல், மேட்சுக்குப் பாக்கெட் என்று பரிசு இருந்தால் டிரா போடக் காரணமே பெரிதாக இருக்காது.

டிரேடிங் (கார்டு மாற்றிக்கொள்வது), கொண்டுவரும் பைகள், சுத்தம், வசவு: இதற்கெல்லாம் நடத்துபவர் பொறுப்பா?

ஆம். சின்னப் பிள்ளைகளோடு பெரியவர் டிரேட் செய்தால் மூன்றாவது ஆள் ஒருவர் விலை பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வையுங்கள், சங்கடப்படாமல் கேட்டுவிடலாம். பைகள் மேஜைக்கு அடியில், காலுக்கு நடுவில். குளிக்காமல் வருபவரிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், எல்லார் முன்னாலும் கிண்டல் செய்ய வேண்டாம். வசைபாடுகிறவரை ஒரு தடவை எச்சரித்து, இரண்டாவது தடவை அனுப்பிவிடுங்கள், அவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும். அவருக்காக வராமல் போன நாலைந்து பேர் யார் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

சீசன் புள்ளி, லீக் வைக்கலாமா?

நல்ல யோசனை, ஆனால் எல்லா வாரமும் வந்தவர்தான் மேலே என்று ஆகிவிடக் கூடாது. பத்து வாரம் நடந்தால் ஒவ்வொருவரின் சிறந்த ஆறு முடிவை மட்டும் எடுங்கள். பரீட்சை, வேலை, குழந்தை என்று நாலு வாரம் வராதவரும் போட்டியில் இருப்பார். சீசன் நடுவில் சேர்ந்தவருக்கும் கொஞ்சம் நம்பிக்கை மிஞ்சும்.

சரியாக நடத்துகிறேனா என்று யாரிடம் கேட்பது?

கடைசி வரை இருந்து நாற்காலி மடக்க உதவுகிறவர்களிடம் கேட்காதீர்கள், அவர்கள் "சூப்பர்" என்றுதான் சொல்வார்கள். இரண்டாவது சுற்று முடிந்ததும் பெயரை நீக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர் பின்னாலேயே வாசல் வரை போங்கள். "ஏன் போறீங்க" என்று கேட்டால் வேலை இருக்கிறது என்பார். "இன்னிக்கு எந்த மேட்ச் கடுப்பாக்குச்சு?" என்று கேளுங்கள், நின்று பேசுவார்.